அடிச்சேற்றில் இருந்தது சிக்கல்

ஜப்பானில் கோடை முடிந்ததும் பள்ளி நீச்சல் குளங்களைக் காலி செய்துவிடுவதில்லை. கடைசி நீச்சல் வகுப்புக்குப் பிறகும் தண்ணீர் அப்படியே நிற்கும். ஊரில் தீப்பிடித்தாலோ, நிலநடுக்கத்தில் குழாய்கள் உடைந்தாலோ தீயணைப்பு வண்டிகளுக்கு அதுதான் கையிருப்பு. பனிக்காலம் முழுக்க அதில் இலை விழும், தூசி படியும், பாசி பிடிக்கும். அடுத்த கோடை நெருங்கும்போது பழைய நீரை வெளியேற்றுவார்கள். ஆசிரியர்களும் மேல்வகுப்புப் பிள்ளைகளும் உள்ளே இறங்கித் தரையைத் தேய்த்துக் கழுவ, புதுத் தண்ணீர் நிரப்பப்படும்.

அங்கே நீச்சல் ஒரு பொழுதுபோக்கு அல்ல, பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. 1955 மே மாதம் ஷியுன் மாரு என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 168 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலா சென்ற பிள்ளைகள். பள்ளிதோறும் குளம் கட்டும் வேகம் கூடியதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். அதனால் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது, ஃபுகுஷிமா மாகாணத்தில் ஏராளமான பள்ளிகளில் 25 மீட்டர் நீளமுள்ள, கூரையில்லாத தொட்டிகள் நிறைந்த நீரோடு இருந்தன.

மறுநாளிலிருந்து ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மார்ச் 15 அன்று வெளியேறிய கதிரியக்கத் துகள்களைக் காற்று வடமேற்காகக் கொண்டுபோனது. அன்று மாலை பெய்த மழையும் பனியும் அவற்றைத் தரையிறக்கின. இதாத்தே கிராமம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. உலைகளிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபுகுஷிமா நகரமும் கோரியாமாவும்கூடத் தப்பவில்லை. வயல், கூரை, விளையாட்டு மைதானம் என எல்லாவற்றின் மேலும் விழுந்தது குளங்களிலும் விழுந்தது.

எவ்வளவு என்பதை ஒரு மனக்கணக்கில் பார்க்கலாம். அந்தத் துகள்களில் இருந்த கதிரியக்கச் சீசியம் ஒரு சதுர மீட்டரில் 1 லட்சம் பெக்கரல் படிந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல். ஃபுகுஷிமா நகரத்தை நினைத்தால் இது மிகைப்படுத்திய எண் அல்ல. குளத்தின் ஆழம் 1.2 மீட்டர் என்றால், அந்தச் சதுர மீட்டருக்குக் கீழே 1,200 லிட்டர் நீர். படிந்தது முழுவதும் கரைந்திருந்தால் லிட்டருக்கு 83 பெக்கரல் வரும். ஆனால் அது முழுவதும் கரைந்தே இருப்பதில்லை, கணக்கு சிக்கலாவது இங்கேதான்.

சீசியத்துக்குக் களிமண் என்றால் தனி ஈர்ப்பு. இல்லைட் போன்ற களிமண் தாதுக்களின் அடுக்குகளுக்கிடையே அதன் அயனி சரியாகப் போய்ப் பொருந்திக்கொள்ளும். பிறகு எளிதில் வெளியே வராது. குளத்தில் விழுந்த தூசி, மக்கிய இலை, பாசி ஆகியவற்றோடு அது மெல்ல மெல்ல அடியில் இறங்கியது. மேலே நீர் தெளியத் தெளிய, கீழே கையளவு கறுப்புச் சேற்றில் கதிரியக்கம் திரண்டது. மேற்பரப்பில் ஒரு குடுவை முகந்து சோதனைக்கு அனுப்பியவருக்கு ஆறுதலான எண் கிடைத்திருக்கும். அடிச்சேற்றை வழித்து அனுப்பியவருக்கு அதைவிடப் பல மடங்கு பெரிய எண். அதே குளம், அதே நாள், இரண்டும் சரியான முடிவுகள்.

நம் ஊர்ப் பள்ளிகளில் நீச்சல் குளம் அபூர்வம் என்பதால் இது நமக்குத் தொலைவான சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் இதே 2011-இல்தான், ஃபுகுஷிமா செய்திகளுக்குப் பிறகு, கூடங்குளம் அணு உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டம் பெரிதாக எழுந்தது. நமக்கு இருப்பவை ஏரியும் கண்மாயும். அவற்றின் வண்டலை அள்ளி வயலில் போடுவது நம் உழவர் வழக்கம். களிமண்ணின் வேதியியல் இங்கும் அதுவேதான்.

அளப்பது எப்படி? முதல் கருவி கையில் பிடிக்கும் அளவி. சோடியம் அயோடைடு படிகம் பொருத்திய இது, ஓர் இடத்தில் நிற்கும் உடலுக்கு மணிக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கும் என்று காட்டும். ஏப்ரல் தொடக்கத்திலேயே மாகாண நிர்வாகம் சுமார் 1,400 பள்ளி, மழலையர் பள்ளி மைதானங்களை இப்படி அளந்தது. சிறுவர்கள் குள்ளமானவர்கள், தரைக்கு நெருக்கமானவர்கள். அதனால் தொடக்கப் பள்ளிகளில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்தார்கள். நடுநிலைப் பள்ளிகளில் ஒரு மீட்டர்.

குளத்து நீரில் இருப்பதை அறிய இந்தக் கருவி போதாது. சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சு நீரின் சிறு அளவை மறைத்துவிடும். நீரை ஒன்றிரண்டு லிட்டர் பாத்திரத்தில் எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஜெர்மேனியம் படிக உணரி ஒன்று கனத்த ஈயச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும். அதைத் திரவ நைட்ரஜனால் உறைகுளிரில் வைத்திருப்பார்கள். பாத்திரத்தின் அடியில் குழிவு உண்டு. உணரியின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அது உட்காரும். காமா கதிர் வீசும் ஒவ்வொரு ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றல்களில் அதை வீசும். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் முகடு எழுந்தால் சீசியம்-137. 605, 796 இரண்டிலும் எழுந்தால் சீசியம்-134. 364-இல் என்றால் அயோடின்-131.

அயோடினின் அரை ஆயுள் 8 நாள். மார்ச் நடுவில் விழுந்தது ஜூன் நடுவில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். ஆகவே குளம் திறக்கும் பருவத்தில் கவலை சீசியம் இரண்டைப் பற்றியதே. சீசியம்-134-க்கு அரை ஆயுள் 2 ஆண்டு, சீசியம்-137-க்கு 30 ஆண்டு.

சோதனை அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்ற சொற்களைப் பார்த்தால் உடனே பெருமூச்சு விட்டுவிடக் கூடாது. கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நிகழ்வது. நூறு சிதைவுகளை எண்ணினால் பத்து முன்பின்னாக இருக்கும், பத்தாயிரம் எண்ணினால் நூறு. நேரம் அதிகமானால் துல்லியம் கூடும், ஆனால் மெதுவாகத்தான்: பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். சில நிமிடம் அளந்து 20 பெக்கரலுக்குக் கீழே எதுவும் புலப்படாத ஆய்வகமும், மணிக்கணக்கில் அளந்து 1 பெக்கரல் வரை பார்க்கும் ஆய்வகமும் ஒரே சொற்களைத்தான் எழுதும். அறிக்கையின் ஓரத்தில் சிறு எழுத்தில் இருக்கும் கண்டறிதல் எல்லை என்ற எண்ணே உண்மையான தகவல். அது இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

சரி, நீந்தலாமா கூடாதா? 2011 ஜூனில் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் கடற்கரை, ஏரி போன்ற குளிக்கும் இடங்களுக்கு லிட்டருக்கு 50 பெக்கரல் சீசியம் என்று தற்காலிக வரம்பு வைத்தது. அடுத்த ஆண்டு அது 10 ஆகக் குறைந்தது. குடிநீருக்கான வரம்பும் விபத்துக்குப் பிந்தைய 200-இலிருந்து 2012 ஏப்ரலில் 10-க்கு வந்தது. பத்து பெக்கரல் நீரில் நீந்தும் சிறுமி ஒவ்வொரு முறையும் 50 மில்லிலிட்டர் விழுங்குகிறாள் என்று வைத்துக்கொண்டால், உள்ளே போவது அரை பெக்கரல். அதனால் கிடைக்கும் கதிர்வீச்சு ஒரு மைக்ரோசீவர்ட்டில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் காட்டும் குளக்கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அவளுக்குக் கிடைப்பது 1 மைக்ரோசீவர்ட். நூறு மடங்குக்கும் மேல். தண்ணீரே காமா கதிர்களுக்கு நல்ல தடுப்பு. அணு உலைகளில் எரிந்து தீர்ந்த எரிபொருளை நீருக்கடியில் வைப்பதும் குளிரூட்டுவதற்காக மட்டுமல்ல, அந்தத் தடுப்புக்காகவும்தான்.

எனவே, பழைய நீரை மாற்றிவிட்ட குளத்தில் நீர்தான் மிகப் பாதுகாப்பான பகுதி என்று சொல்வது மிகையல்ல. செர்னோபில் பக்கத்துப் பிரிப்யாட் நகரத்தில் கூரையுள்ள நீச்சல் குளம் ஒன்றை, ஊர் காலியான பிறகும் துப்புரவுப் பணியாளர்கள் 1998 வரை பயன்படுத்தினார்கள். கேள்வி எழ வேண்டியது கரையின் சிமெண்ட் தளத்தைப் பற்றி, வடிகாலின் மூலையைப் பற்றி, எல்லாவற்றுக்கும் முன்பாக அந்தச் சேற்றைக் கழுவப்போவது யார் என்பதைப் பற்றி. பிள்ளைகள் செய்துவந்த வேலை அது. 2011-இல் ஃபுகுஷிமாவில் அந்த வழக்கத்தை அப்படியே தொடர முடியவில்லை. மாகாணத்தின் பல பள்ளிகளில் அந்தக் கோடையில் வெளிப்புற நீச்சல் வகுப்பே நடக்கவில்லை.

அதைவிடப் பெரிய தகராறு வாய்க்காலில் வந்தது. பள்ளிக் குளத்து நீர் பல ஊர்களில் பாசனக் கால்வாயில் போய்ச் சேரும். குளம் கழுவும் பருவமும் வயலுக்கு நீர் பாயும் பருவமும் ஒன்றே. ஏற்கெனவே தங்கள் அரிசியை யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் தவித்த உழவர்களிடம், 'நீரில் வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, திறந்துவிடுகிறோம்' என்றால் ஒப்புக்கொள்வார்களா? வெளியேற்றவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் பள்ளிகள் சிக்கின. பாய்ந்த நீர் வயலில் வடியும்போது, மிதக்கும் மண்ணோடு சீசியமும் அங்கே தங்கும். உழவர்கள் எழுப்பிய ஆட்சேபத்தில் உணர்ச்சி மட்டுமல்ல, அறிவியலும் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

வழி கண்ட இடங்களில் ஒன்று டாட்டே நகரம். அங்கிருந்த டோமினாரி தொடக்கப் பள்ளியைச் சுத்தப்படுத்தும் பணியில் அணு ஆய்வாளர் ஷுனிச்சி தனாக்கா ஈடுபட்டார்; 2012-இல் ஜப்பானின் புதிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு முதல் தலைவரானவர் அவர்தான். ஜப்பான் அணுசக்தி முகமையும் பள்ளிக் குளங்களில் செய்துபார்த்து ஒரு முறையை வகுத்தது. சியோலைட் என்ற தாதுவின் பொடியையோ, ஓவியர்களின் வண்ணப் பெட்டியில் இருக்கும் பிரஷ்யன் நீலத்தையோ நீரில் கலப்பார்கள். இரண்டும் சீசியத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு திரட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தால் எல்லாம் கட்டிகட்டியாகச் சேர்ந்து அடியில் இறங்கும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் நடப்பதுபோலத்தான். தெளிந்த நீரை அளந்து பார்த்து வாய்க்காலில் விடலாம். மிஞ்சும் சேற்றைப் பிழிந்து மூட்டை கட்ட வேண்டும். மூன்று லட்சம் லிட்டர் சிக்கலைச் சில மூட்டைச் சிக்கலாகச் சுருக்குவதுதான் இந்த வித்தை. கதிரியக்கம் ஒரு துளியும் இதனால் அழிவதில்லை.

இவ்வளவு தெளிவான அறிவியல் இருந்தும் பெற்றோர் ஏன் நம்பவில்லை? நீரோடு தொடர்பில்லாத ஓர் எண்தான் முக்கியக் காரணம். ஏப்ரல் 19 அன்று கல்வி அமைச்சகம், மைதானத்தில் மணிக்கு 3.8 மைக்ரோசீவர்ட்டுக்குக் கீழே இருந்தால் பிள்ளைகள் வழக்கம்போல் விளையாடலாம் என்றது. நாளுக்கு 8 மணி நேரம் வெளியே, 16 மணி நேரம் மரவீட்டுக்குள் என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டிலிருந்து பின்னோக்கி வந்த எண் அது. இயல்பான காலத்தில் பொதுமக்களுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட். பிரதமரின் ஆலோசகராக இருந்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டோஷிசோ கொசாக்கோ, பிள்ளைகளுக்கு இந்த அளவை ஏற்க முடியாது என்று செய்தியாளர்கள் முன் கண்ணீரோடு பதவி விலகினார். அமைச்சக வாசலில் பெற்றோர் திரண்டனர். மே 27 அன்று அமைச்சகம், பள்ளியில் 1 மில்லிசீவர்ட்டுக்குள் வைக்க முயல்வோம் என்று இறங்கிவந்தது. அதற்கு முன்பே, மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், கோரியாமா நகராட்சி பள்ளி மைதானங்களின் மேல்மண்ணைச் சுரண்டத் தொடங்கிவிட்டது.

ஐந்து வாரத்தில் இருபது ஒன்றானால், அடுத்து வரும் எந்த வரம்பையும் மக்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். குளத்து நீரின் ஐம்பது, பத்து எல்லாம் அந்த நிழலில்தான் வந்தன. இவாக்கி நகரத்தில் தாய்மார்கள் முன்னின்று 2011 நவம்பரில் 'தராச்சினே' என்ற மக்கள் ஆய்வகத்தைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். உணவு, மண், கடல்நீர் என்று அவர்களே அளந்தார்கள். பின்னர் பல்கலைக்கழக ஆய்வகங்களே சிரமப்படும் ஸ்ட்ரான்சியம்-90 சோதனையையும் கற்றுக்கொண்டார்கள். தானே அளந்து பார்த்த ஒருவர், வரம்பு ஏன் ஐம்பது, ஏன் பத்து என்று அதிகாரியிடம் எதிரில் அமர்ந்து பேச முடியும். அரசு விளக்கக் கையேடுகளால் செய்ய முடியாத வேலை அது.

கதிர்வீச்சு, எதிர்பார்த்ததைவிட வேகமாகவே முதல் ஆண்டுகளில் இறங்கியது. இரண்டு சீசியமும் ஏறத்தாழச் சம அளவில் வெளியேறியிருந்தன. அவற்றில் வலுவாகக் கதிர்வீசுவது குறுகிய ஆயுளுள்ள 134. அதனால் மழையும் மண்வெட்டியும் செய்த வேலை போக, இயற்கைச் சிதைவினால் மட்டுமே மூன்றாண்டில் அளவு ஏறத்தாழப் பாதியானது.

சுரண்டிய மண்ணையும் வழித்த கழிவையும் பல பள்ளிகள் மைதானத்தின் ஒரு மூலையிலேயே புதைத்தோ மூடியோ வைத்திருந்தன. 2015-இலிருந்து அவை ஒகுமா, ஃபுதாபா ஊர்களில் அணுமின் நிலையத்தைச் சுற்றி அமைந்த இடைக்காலச் சேமிப்பு வளாகத்துக்குப் போகத் தொடங்கின. 2045 மார்ச்சுக்குள் அங்கிருந்து ஃபுகுஷிமாவுக்கு வெளியே கொண்டுபோய் இறுதியாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது சட்டம். அந்த நாளில் சீசியம்-134 இருந்த இடம் தெரியாது. சீசியம்-137-இல் மட்டும் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியிருக்கும்.