ஊசியா, பம்பா? முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்குச் சில விளக்கங்கள்

பெரும்பாலும் கல்ஃபிலிருந்து வரும் ஒரு போனில்தான் இந்தப் பேச்சு தொடங்குகிறது. "அண்ணே, இங்க ஒரு பயலு இடுப்பில மெஷினு மாட்டியிருக்கான். ஊசியே வேண்டாமாம். நம்ம பிள்ளைக்கும் ஒண்ணு வாங்குவோம், ரூவா நான் அனுப்புதேன்." சித்தப்பாவின் மனசு நல்ல மனசு. ஆனால் அந்த மெஷினை, அதாவது இன்சுலின் பம்பை, மாட்டினால் ஊசியே இல்லை என்பது சரியல்ல. மெஷின் வாங்கும் செலவும் ஒருமுறையோடு முடிவதில்லை.

இங்கே பேசுவது முதல் வகைச் சர்க்கரை நோயைப் பற்றி. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல, பெற்றோர் செய்த தவறும் அல்ல. 2021இல் உலக நீரிழிவுக் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 2.29 லட்சம் பேருக்கு இது உண்டு, உலகிலேயே அதிகம். இவர்களுக்கு இன்சுலின் மருந்து என்பதைவிட, சோறு தண்ணீர் மாதிரி ஒரு நாளும் நிறுத்த முடியாத தேவை. பாகற்காய்ச் சாறும் சூரணமும் தாத்தாவின் சர்க்கரைக்கு உதவுமோ என்னவோ, பேரப்பிள்ளையின் இன்சுலினை அவற்றை நம்பி நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து.

உடலுக்கு இன்சுலின் இரண்டு விதமாக வேண்டும். ஒன்றும் சாப்பிடாமல் தூங்கும்போதும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருப்பதால், இருபத்துநாலு மணிநேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும் அடிப்படை இன்சுலின் ஒன்று. சாப்பாட்டுக்கு ஏற்ப ஒரேயடியாகத் தேவைப்படுவது இன்னொன்று. ஊசி முறையில் அடிப்படைத் தேவைக்கு கிளார்ஜின், டெக்லுடெக் போன்ற நீண்ட நேர இன்சுலினை நாளுக்கு ஒரு தடவை போடுகிறோம். சாப்பாட்டுக்கு லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேகமானவற்றை மூன்று வேளையும் போடுகிறோம். ஆக நாளுக்கு நாலு ஊசி. பம்பில் நீண்ட நேர இன்சுலினே கிடையாது. வேகமான ஒன்றையே துளித்துளியாக விட்டு அது இரண்டு வேலையையும் பார்க்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்ட வயல்காரருக்கு இப்படிச் சொன்னால் புரியும்: நீண்ட நேர ஊசி காலையில் குளத்தை நிரப்பி விடுவது, பம்ப் பேச்சிப்பாறைச் சானலின் மடை. குளத்தில் விட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. மடையை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம், அடைக்கலாம். ஆனால் மடை அடைத்துக்கொண்டால் வயலில் தேங்கி நிற்கும் தண்ணீர் என்று எதுவும் இல்லை. பம்பின் நன்மையும் ஆபத்தும் இதற்குள்ளேயே இருக்கின்றன.

பம்பைப் புகழ்பவர்கள் பலர் அதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையும் இரவும் போடும் 'மிக்ஸ்' இன்சுலினோடுதான் பெரும்பாலும். இரண்டு வகையை ஒரே குப்பியில் கலந்த அந்த ஊசி, சாப்பாட்டைக் கடிகாரத்துக்குக் கட்டிப்போடுகிறது. மத்தியானச் சோறு ஒரு மணிநேரம் தள்ளிப்போனால் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டும். அதிலிருந்து நேரே பம்புக்குப் போனவருக்கு அது அதிசயமாகத்தான் தெரியும். நாலு ஊசி முறைக்கு மாறியிருந்தாலே பாதி அதிசயம் நடந்திருக்கும், அதற்கு லட்சங்கள் வேண்டாம். உங்கள் பிள்ளை இன்னும் இரண்டு வேளை மிக்ஸில் இருந்தால், மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது பம்பைப் பற்றி அல்ல, இந்த மாற்றத்தைப் பற்றி.

ஊசியில் இன்னொரு கண்ணிவெடி உண்டு. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. பேனா பழுதான அவசரத்தில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை உறிஞ்சினால், உள்ளே போவது 25 யூனிட். பிள்ளை மயங்கி விழ அது போதும். மாற்றிச் செய்தால், அதாவது 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 10 வரை எடுத்தால், வெறும் 4 யூனிட்தான் போகும். மருந்துக் கடையில் மூடியின் நிறத்தையும் குப்பியின் எண்ணையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும், பாட்டி உட்பட.

ஊசியானாலும் பம்பானாலும் தப்பிக்க முடியாத வேலை ஒன்று உண்டு. தட்டில் உள்ள மாவுச்சத்தை எண்ணுவதுதான் அது. நம் சாப்பாட்டில் இது லேசில்லை. மரச்சீனிக் கிழங்கு 100 கிராமில் 35 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து. கூட வைக்கும் மீன்கறியில் அநேகமாக ஒன்றுமில்லை, ஆனால் அதில் அரைத்த தேங்காயின் கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். ஒரு ஏத்தன் பழம் ஒரு சின்ன மட்டிப்பழத்தின் பல மடங்கு. புட்டு ஒரு குற்றி என்றால் எவ்வளவு மாவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதல் இரண்டு மாதம் ஒரு சமையலறைத் தராசு வைத்து நிறுத்துப் பழகுங்கள். பிறகு கண்ணே சொல்லிவிடும். பம்புக்கு உங்கள் பிள்ளை தின்றது புட்டா பழமா என்று தெரியாது. நீங்கள் எத்தனை கிராம் என்று சொன்னால்தான் அது விடும்.

அப்படியானால் பம்ப் எதில் மேல்? மூன்று நாளுக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ மெல்லிய குழாயைச் செருகினால் போதும். மாதம் 120 குத்து பத்தாகக் குறையும். கல்யாண வீட்டில் இலை போட்டுச் சாப்பிடும்போது, போளியும் பாயசமும் இரண்டாம் தடவை வந்தால் பொத்தானை அமுக்கலாம், பந்தியிலிருந்து எழுந்து கழிவறை தேட வேண்டாம். தேங்காய்க் கறியோடு கிழங்கு தின்றால், பாதி இன்சுலினை இப்போதும் மீதியை அடுத்த இரண்டு மூன்று மணிநேரத்திலும் விடச் சொல்லலாம். ஊசியில் அது முடியாது. விடியற்காலை மூன்று மணிக்குமேல் சர்க்கரை தானாக ஏறுகிறவருக்கு அந்த நேரத்தில் மட்டும் கூட்டி வைக்கலாம். குலசேகரம் பக்கம் அந்த நேரத்திலேயே ரப்பர் வெட்டப் போகிறவருக்கு அதே மணியில் குறைத்து வைக்கலாம். யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட அளந்து விடுவதால், நாளுக்கே சில யூனிட் மட்டும் தேவைப்படும் கைக்குழந்தைக்கு இதைப்போல் பொருத்தமானது வேறில்லை. பேனாவின் மிகச் சிறிய அளவு அரை அல்லது ஒரு யூனிட்.

இனி மறுபக்கம். குழாய் மடங்கினாலோ, ஒட்டு வியர்வையில் நனைந்து கழன்றாலோ, உடம்பில் இருப்பு இன்சுலின் இல்லாததால் சில மணிநேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று போய் ஐ.சி.யு.வில் முடியலாம். ஊசிக்காரருக்கும் இது வரும், ஆனால் அவ்வளவு வேகமாக வராது. பம்ப் மாட்டியவர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது இது: சர்க்கரை 250ஐத் தாண்டி, பம்பில் விட்ட திருத்த அளவுக்கும் இரண்டு மணிநேரத்தில் இறங்காவிட்டால், பம்பை நம்பாதீர்கள். பேனாவில் ஊசி போடுங்கள், குழாயை மாற்றுங்கள், கீட்டோன் பாருங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆகவே பம்ப் வீட்டிலும் பேனாவும் சிரிஞ்சும் நீண்ட நேர இன்சுலினும் எப்போதும் இருக்க வேண்டும். பம்ப் செத்துப்போனால் எத்தனை யூனிட் போடுவது என்பதை மருத்துவர் கையால் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

நம் மாவட்டத்தின் தட்பவெப்பமும் கணக்கில் வரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்யும் ஊர் இது. கடலோரக் காற்றில் வருஷத்தில் பாதி நாள் சட்டை முதுகில் ஒட்டும். ஒட்டு நிற்காதவர்கள் மேலே ஒரு கூடுதல் டேப் போட வேண்டியிருக்கும். கடலில் குளிப்பதென்றால் பெரும்பாலான பம்புகளைக் கழற்றி வைக்கலாம், ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். 2017 நவம்பர் 30இல் ஓகி புயல் வீசியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு வாரத்தில் மண்பானைக்குள் மண்பானை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்பினால் இன்சுலின் தாக்குப்பிடிக்கும். பயன்பாட்டில் உள்ள குப்பி வெயில் படாத அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு வாரம் இருக்கும். சார்ஜ் ஏற்றியே ஓடும் பம்பும், தோலில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து போனில் மட்டுமே காட்டும் சென்சரும் அந்த வாரத்தில் ஊமையாகிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி போடும் பம்பா என்று கேட்டு வாங்குவது நல்லது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் விசைப்படகில் ஐஸ் இருக்கிறதே என்று இன்சுலினை அதில் புதைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் வீண், உருகினாலும் வேலை செய்யாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1993இல் முடிவு வெளியான டி.சி.சி.டி. என்ற அமெரிக்க, கனடா ஆய்வில் 1441 பேர் இருந்தார்கள். இறுக்கமான கட்டுப்பாட்டில், கண் பாதிப்பு இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அந்த இறுக்கமான கட்டுப்பாட்டுக் குழுவில் சிலர் பம்பும் சிலர் மூன்று நாலு ஊசியும் பயன்படுத்தினார்கள். இரண்டும் ஒரே பக்கம் நின்றன என்பது பலருக்கு நினைவில்லை. 2017இல் முடிவு வெளியான பிரிட்டனின் ரிபோஸ் என்ற ஆய்வு 317 பெரியவர்களுக்கு ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்து, பாதிப்பேருக்குப் பம்பும் பாதிப்பேருக்கு ஊசியும் தந்தது. இரண்டு வருஷம் கழித்து மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கேயே புதிதாக நோய் கண்ட 293 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வும் 2019இல் இதையே சொன்னது, பம்பின் செலவு அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னது. சாதாரண பம்பைப் பொறுத்தவரை என் தீர்ப்பும் இதுவே: பயிற்சிதான் சர்க்கரையை இறக்குகிறது, கருவியின் பங்கு குறைவு.

சென்சரோடு பேசிக்கொள்ளும் தானியங்கி பம்பின் கதை வேறு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்து, இறங்கப் போகிறது என்றால் தானே நிறுத்தும், ஏறினால் கூட்டும். இரவில் அம்மா அலாரம் வைத்து எழும்ப வேண்டாம். பிரிட்டனில் 2023 டிசம்பரில் அரசின் நைஸ் அமைப்பே முதல் வகைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைப் பரிந்துரைத்துவிட்டது. இதிலும் சாப்பாட்டுக் கணக்கை நீங்களே சொல்ல வேண்டும். நம் ஊரில் இதன் விலை சில லட்சங்கள், அதன்பிறகு மாதாமாதம் குழாய், இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயர், சென்சர் என்று ஆயிரங்கள். சித்தப்பா அனுப்புவது முதல் லட்சங்கள். பத்து வருஷ ஆயிரங்களை யார் தருவது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பணம் தீர்ந்து பாதியில் நிறுத்திய பம்ப் மேசை இழுப்பறையில் கிடப்பது அரிதான காட்சி அல்ல.

எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நிலைமை வேறு. கேரள அரசு 2018 முதல் 'மிட்டாயி' என்ற திட்டத்தில் குழந்தைகளுக்கு பேனா, இன்சுலின், சென்சர், தேவைப்படும் சிலருக்குப் பம்ப் என்று இலவசமாகத் தருகிறது. அது அந்த மாநிலத்துக் குடும்பங்களுக்கானது. திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்க்கும் நம்மவர்களுக்குச் செல்லாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் எந்த இன்சுலின், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எத்தனை கிடைக்கும் என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நாலு ஊசி முறை, போதுமான ஸ்ட்ரிப், கிராம் கணக்கு. அடுத்தது சென்சர், மாதம் முழுவதும் முடியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதினான்கு நாள் ஒன்று. அதன்பிறகுதான் பம்ப். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்கத் தக்கவர்களும் உண்டு: கைக்குழந்தைகள், சர்க்கரை இறங்குவதே உணராமல் மயங்குகிறவர்கள், இரவில் அடிக்கடி இறங்குகிறவர்கள், பிள்ளைப்பேற்றுக்குத் திட்டமிடும் பெண்கள். அவர்களுக்குக் கடன் வாங்கியாவது தானியங்கி பம்ப் பார்க்கலாம் என்பேன். நாளுக்கு ஒருமுறைகூட சர்க்கரை பார்க்காத, சாப்பாட்டு ஊசியை மறைத்து விட்டுவிடும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். பம்பில் அந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து.

வாங்குவதென்று முடிவானால் முன்பணம் கொடுக்குமுன் சில நாள் மாட்டிப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். நாகர்கோவிலில் குழாய் தீர்ந்தால் எத்தனை நாளில் வரும், ஞாயிற்றுக்கிழமை இரவு பழுதானால் யார் போனை எடுப்பார்கள், உத்தரவாதம் எத்தனை வருஷம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் பதில் சொல்ல யோசித்தால், அந்த மாதம் வாங்காதீர்கள்.