பட்டை விளிம்புக் கிண்ணம்

வல்லக்கோட்டை முருகன் கோயிலைச் சூழ்ந்த நிலப்பரப்பு இன்று தொழிற்பூங்காக்களின் நிலம். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உந்து வண்டிகளின் உறுப்புகளைக் கணினி இயக்கும் கடைசல் பொறிகள் இரவு பகலாகக் கடைந்து தள்ளுகின்றன. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலே கழித்துவிடும் உறுப்புகளும் அவற்றுள் உண்டு. எஃகைப் பொறுத்தவரை, பொறி நின்றதும் வடிவம் முடிந்தது. ஈர மரத்தின் இயல்பு வேறு. பொறி நின்ற பிறகும் அது உருமாறிக்கொண்டே இருக்கும். இவ்வியல்பை மறைக்காமல் காட்டும் அழகிய பொருள், பட்டையை விளிம்பாகக் கொண்டு கடையப்படும் மரக்கிண்ணம்.

தமிழகத்தில் மரக்கடைசலுக்குப் பெயர்போன ஊர் பொருநைக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம். புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ச் செப்புச் சாமான்கள், நேரான சிறு கட்டைகளிலிருந்து பட்டை முழுதும் நீங்கி, அரக்கு வண்ணம் ஏறிப் பிறப்பவை. பட்டை விளிம்புக் கிண்ணமோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுக் கடைசல் கலைஞர்களிடையே பரவிய வடிவம். இதில் மரத்தின் நார் சுழல் அச்சுக்குக் குறுக்கே கிடக்கும். சிக்கல்கள் அனைத்தும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஈரக் கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள சோற்றுப் பகுதியை நீக்கி, பட்டைப் பக்கம் வாயாகும்படி பொறியில் பொருத்துவர். கட்டை உருளை வடிவினது. ஆகவே கிண்ணத்தின் விளிம்பு சமதளமாக அமையாது. 30 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் 24 செ.மீ. அகலக் கிண்ணம் கடைவதாகக் கொள்வோம். நார் ஓடும் திசையின் இரு முனைகளில் விளிம்பு உயர்ந்தும், குறுக்குத் திசையின் இரு பக்கங்களில் தாழ்ந்தும் நிற்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 6 செ.மீ. வேறுபாடு இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிதாகரசு தேற்றமே இக்கணக்கைத் தந்துவிடும்.

நிமிடத்திற்கு 900 சுற்று என்றால் அந்த விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் இரு மேடுகள் உளியைத் தொடும், இடையில் வெறுங்காற்று. நொடிக்கு முப்பது முறை மரமும் காற்றும் மாறி மாறி வரும்போது, உளியை மரத்தின்மேல் அழுத்தினால் அது இடைவெளிக்குள் பாய்ந்து மறு மேட்டில் மோதும். கை உளியைத் தாங்க வேண்டுமே தவிர, தள்ளக் கூடாது. பட்டை சிதறித் தெறிக்கக்கூடும் என்பதால் முகக்காப்பு இன்றி இவ்வேலையைத் தொடவே கூடாது. உளி பட்டையிலிருந்து மரத்தை நோக்கி நகர வேண்டும். எதிர்த்திசையில் நகர்ந்தால் பட்டையை உரித்துத் தள்ளிவிடும்.

பட்டை நிலைப்பது மரம் வெட்டிய பருவத்தையும் பொறுத்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் வளர்திசு உள்ளது. மரம் துளிர்க்கும் காலத்தில் அங்கே மெல்லிய சுவருடைய இளஞ்செல்கள் பெருகுவதால் பட்டை எளிதில் கழன்றுவிடும். இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும் காலத்தில் வெட்டினால் இறுகப் பற்றி நிற்கும்.

இனி நீரின் கதை. பச்சை மரத்தில் நீர் இரு வகையாக இருக்கிறது. செல்லின் உட்குழியில் தேங்கியது ஒன்று; செல்சுவரோடு பிணைந்தது மற்றொன்று. குழிநீர் வெளியேறும்வரை மரத்தின் எடை குறையுமே அன்றி, அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்கு இறங்கிய பிறகே சுவர்நீர் வெளியேறி, மரம் சுருங்கத் தொடங்கும். செல்சுவரின் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் கிடப்பதால், நீர் விலகும்போது அவை பக்கவாட்டில் நெருங்குகின்றன. நீளம் அநேகமாக மாறுவதில்லை. வளர்ச்சி வளையங்களின் போக்கில், அதாவது வளைய வாக்கில், சுருக்கம் மிகுதி. ஆரவாக்கில் ஓடும் கதிர்த்திசுக்கள் அத்திசைச் சுருக்கத்தை ஓரளவு தடுத்து நிறுத்துகின்றன. முற்றிலும் உலரும்போது தேக்கு வளைய வாக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், ஆரவாக்கில் 2.5 விழுக்காடும் சுருங்கும். தேக்கே அடக்கமான மரம்; இதைவிட மிகுதியாகச் சுருங்குபவை பல.

24 செ.மீ. தேக்குக் கிண்ணம் 15 விழுக்காட்டு ஈரத்துக்கு உலர்ந்தால், குறுக்கே 7 மில்லிமீட்டர் வரை குறுகும். நார்த்திசையில் அரை மில்லிமீட்டர்கூடக் குறையாது. வட்டம் நீள்வட்டமாகும். சுவர் எங்கும் ஒரே தடிப்பில் மெலிதாக இருந்தால் வெடிக்காமல் வளைந்துகொடுக்கும். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்திருந்தால் விரைந்து உலரும் பகுதி முந்திச் சுருங்க, ஈரப்பகுதி இடங்கொடுக்காமல் நிற்க, விரிசல் விழும். கடைபவரின் திறம் விரல் நுனியால் அந்தத் தடிப்பை அறிவதில்தான் இருக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. தூங்குமூஞ்சி, வாகை போன்றவற்றின் கோணல் கிளைகள் பலகைக்கு உதவா என்று விறகாகவே மதிக்கப்படுவது வழக்கம். ஆனால் அவற்றின் கரும்பழுப்பு வைரக்கட்டையும் வெளிர்மஞ்சள் சாற்றுக்கட்டையும் பட்டை விளிம்பின் கீழ் வரிவரியாய்த் தோன்றும் அழகுக்கு ஈடில்லை. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகு பூசினால், கட்டை எளிதில் வெடிக்காமல் காத்திருக்கும். (வாகைத் தூள் கடுந்தும்மலைத் தரும்; மூக்குக் கவசம் தேவை.)

எஃகு கடையக் கற்கும் ஒரகடத்து இளைஞர்கள் ஒருமுறை ஈர மரத்தையும் கடைந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். கடைந்த கிண்ணத்தின் எடையையும் இரு திசை அகலங்களையும் நாள்தோறும் குறித்து வரைபடம் வரையலாம். முதலில் எடைக்கோடு மட்டும் சரியும், அகலக்கோடு அசையாது. பிறகு குறுக்கு அகலம் தனியே இறங்கத் தொடங்கும் இடத்தில், செல்சுவர் தன் நீரை விடத் தொடங்கிய நாளை அவர்கள் தாளிலேயே காணலாம்.