மலை மறைக்கும் முன் ஒரு குடும்பப் படம்



கடந்த ஆண்டு, நமது அறக்கட்டளையின் மாத உதவி பெறும் முதியவர்களை அவரவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு படம் எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஸ்டூடியோவுக்குப் படியேற முடியாதவர்கள் பலர் என்பதால் குளத்துக்கரையில் மாலை வெயிலில் எடுக்கலாம் என்று நினைத்தோம். அஸர் தொழுதுவிட்டு ஆட்களைத் திரட்டி, நாற்காலிகளை ஏற்றி, குழந்தைகளைத் தேடிப்பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே என்று நிம்மதியாக நின்றோம். ஆனால் சூரியன் அதற்குள் மேற்கு மலைக்குப் பின்னால் போயிருந்தது. எடுத்த படங்களில் முகங்கள் சாம்பல் பூத்தது போல இருந்தன. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றோம். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த மாதம் அந்தப் பெரியவர்களில் ஒருவர் வஃபாத் ஆகிவிட்டார். அவருடைய பேரப்பிள்ளைகளிடம் இன்று இருப்பது அட்டையில் ஒட்டிய தபால்தலை அளவுப் படம் மட்டும்தான்.

தவறு எங்களுடையது. அதிலிருந்து கற்றுக்கொண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். நிக்காஹ் முடிந்து வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போகும் குடும்பங்களுக்கும், விடுமுறையில் ஊர் வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இது உதவும். புகைப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஐயம் உள்ளவர்கள் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மாலை வெயில் ஏன் நல்லது?

உச்சி வெயிலில் ஒளி தலைக்கு நேர் மேலிருந்து விழும். கண்குழி கறுத்துப்போகும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், நெற்றி மட்டும் பளபளக்கும். மாலையில் ஒளி பக்கவாட்டிலிருந்து வருவதால் முகம் முழுவதும் தெளியும். அதோடு, சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. அந்த வழியில் நீல ஒளி பெரும்பாலும் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. பொன்னிற வெயில் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தவர் 965-ஆம் ஆண்டு வாக்கில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று 'கிதாபுல் மனாளிர்' நூலில் விளக்கினார். ஐக்கிய நாடுகள் சபை 2015-ஐ ஒளி ஆண்டாக அறிவித்தபோது அவருடைய பணியின் ஆயிரமாண்டும் உலகெங்கும் நினைவுகூரப்பட்டது. நம் சட்டைப்பையில் இருக்கும் போன் கேமராவுக்கும் அந்த இருட்டறைக்கும் அடிப்படை ஒன்றுதான்.

நம் ஊரில் வெயில் முன்கூட்டியே போகும்

ராயகிரிக்கும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. கேமரா புத்தகங்களில் 'சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்' என்று எழுதியிருப்பது சமவெளிக்கும் கடற்கரைக்கும் பொருந்தும். நமக்கு மலைமுகட்டோடு அந்த நேரம் முடிந்துவிடும்.

எவ்வளவு நேரம் குறையும் என்பதை நீங்களே அளக்கலாம். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்குங்கள். நீட்டிய கையின் முட்டி அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சுண்டுவிரல் அகலம் சுமார் ஒரு டிகிரி. நம் பகுதியில் மாலைச் சூரியன் ஒரு டிகிரி இறங்க நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நீங்கள் நிற்கும் இடத்தில் மலை ஐந்து சுண்டுவிரல் உயரம் இருந்தால், மஃரிபுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் முன்பே வெயில் போய்விடும். மலையை நெருங்க நெருங்க இது கூடும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போகக் குறையும். முதல் நாளே அதே இடத்துக்குப் போய், எத்தனை மணிக்கு மலை வெயிலை மறைக்கிறது என்று குறித்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் மஃரிப் வந்துவிட்டதாகாது. நோன்பு திறப்பதற்கும் அது கணக்காகாது. பள்ளிவாசல் கால அட்டவணையையும் பாங்கையும் பின்பற்றுங்கள்.

நேரத்தைத் திட்டமிடுதல்

நம் பகுதியில் சூரிய மறைவு நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பும், ஜூலைத் தொடக்கத்தில் 6.45-ஐ ஒட்டியும் இருக்கும். ஹனஃபி கணக்குப்படி அஸர் நேரம் தொடங்கியதிலிருந்து மஃரிப் வரை ஆண்டு முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. ஷாஃபிஈ கணக்கில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். ஆகவே அஸரை விட்டுவிட்டு ஓடவும் வேண்டாம், மஃரிபைத் தவறவிடவும் வேண்டாம்.

மார்ச் மாத நடுவில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மஃரிப் சுமார் 6.30. மலை மறைப்பது 6.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குள் அஸர் ஜமாஅத்தை முடித்து, 5.15-க்கு இடத்தில் இருக்க வேண்டும். முதலில் பெரியவர்கள், பிறகு முழுக் குடும்பம், அதன்பின் குழந்தைகள், கடைசியாக மணமக்கள் என்ற வரிசையில் 5.20 முதல் ஆறு மணிவரை எடுக்கலாம். மீதி நேரம் சாமான்களை எடுத்துவைத்து ஒளூச் செய்து பள்ளிவாசல் போய்ச்சேரப் போதும். எங்கள் தவறு, மஃரிபிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதுதான். மலை மறைக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

பருவமும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். துப்பட்டாவும் முக்காடும் நிற்காது, மலை மேல் மேகம் அடைத்து நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலை மழைக்கு வாய்ப்பு அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும். எந்த மாதமானாலும் மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடையும் இடமும்

நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களின் வெள்ளைத் துப்பட்டியும் இளையவர்களின் கறுப்பு புர்காவும் ஒரே படத்தில் வரும். கேமரா வெள்ளைக்கு இணங்கினால் கறுப்பு வெறும் கரியாகும், கறுப்புக்கு இணங்கினால் வெள்ளை வெளிறிவிடும். முகத்தைத் தொட்டு ஒளியை அமைத்தால் இரண்டும் ஓரளவு சமப்படும். வெள்ளை உடுத்தியவர்களை வெயில் நேரடியாகப் படாத பக்கம் நிறுத்துங்கள். மிக நெருக்கமான சின்னக் கட்டம், கோடு போட்ட துணி படத்தில் அலை அலையாகத் தெரியும். ஒரே நிறத் துணி நல்லது. ஊக்குகள் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

மின்கம்பி, குப்பை, நிறுத்திய வண்டிகள் பின்னால் வராத இடமாகப் பாருங்கள். கரையின் கோடு கழுத்துக்கு நேராகப் போகக்கூடாது. தண்டவாளம் கூடவே கூடாது. அனுமதியின்றித் தண்டவாளத்தில் நுழைந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். உயிர் போனால் அதற்கு ஈடே இல்லை. கிணற்றடி, மதகு, மலையடிவாரக் காடு ஆகியவற்றையும் தவிருங்கள். பிறர் தோப்பு என்றால் உரிமையாளரிடம் முன்பே கேளுங்கள். இருட்டும் நேரம் என்பதால் டார்ச் அவசியம்.

போனில் எடுப்பவர்களுக்கு

முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் மாலை வெயில் பட்டால் படம் முழுவதும் புகை மூட்டமாகும்.

சூரியனைப் பார்த்து நிற்கச் சொன்னால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். சூரியன் அவர்களின் தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கட்டும். முன்னால் இருவர் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்தால் அதில் பட்ட ஒளி திரும்பி முகத்தில் விழும். தெர்மோகோல் அட்டையும் போதும். பிறகு திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து, ஒளியின் அளவைச் சற்று ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நீங்களே நடந்து நெருங்குங்கள். போன் அவர்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்த பெரியவரை எடுக்கும்போது நீங்கள் மண்டியிட வேண்டும். ஒளி குறையும்போது கை அசைவு படத்தில் தெரியும். மரத்திலோ வண்டியிலோ சாய்ந்து நின்று எடுங்கள்.

கூட்டப் படத்தில் யாராவது ஒருவர் கண் சிமிட்டிவிடுவார். இதையும் ஆஸ்திரேலியாவில் இருவர் கணக்கிட்டு 2006-இல் நகைச்சுவையான இக் நோபல் பரிசு பெற்றார்கள். இருபது பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுக்க வேண்டும். வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்றால் நான்கு, மங்கினால் ஆறு.

பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பத்துக்கு இந்தப் படம் உதவாது. அதற்கு வெள்ளைப் பின்னணியில் முகம் தெளிவாகத் தெரியும் படம் தனியாக எடுக்க வேண்டும்.

பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள்

பெரியவர்களைக் கடைசியாக அழைத்து வந்து முதலில் எடுத்து முதலில் அனுப்புங்கள். கைப்பிடியுள்ள நாற்காலி, குடிநீர், மாத்திரை நேரம் ஆகியவற்றைக் கவனியுங்கள். குழந்தைகள் மதியம் தூங்கி, சாப்பிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

போட்டோகிராபரை அமர்த்தினால் எத்தனை மணி நேரம், எத்தனை பிரதி, எப்போது தருவார் என்பதை எழுதி வாங்குங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்களைக் கடை விளம்பரத்திலோ இணையத்திலோ போடக்கூடாது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விட்ட குடும்பங்கள் பின்னால் வருந்தியிருக்கின்றன. குடும்பத்துக்குள்ளேயும், ஸ்டேட்டஸில் வைக்கும் முன் படத்தில் உள்ளவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாடகை உடைக்கும் அலங்காரத்துக்கும் கடன் வாங்க வேண்டாம். இருப்பதில் நல்லதைத் துவைத்து இஸ்திரி போட்டால் போதும்.

எடுத்த பிறகு

போன் தொலைந்தால் படமும் போகும். இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்றையாவது அச்செடுத்து, பின்புறம் பென்சிலால் பெயர்களையும் தேதியையும் ஊரையும் எழுதிவையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு 'இது யார்?' என்று கேட்க ஆள் இருக்காது.

நாங்கள் வருகிற ஜனவரியில் அந்த வேலையை மறுபடியும் செய்யப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். இந்த முறை மலை மறைக்கும் நேரத்தை முன்பே குறித்துவிட்டோம். உதவி பெறுவோர் மட்டுமல்ல, வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர்கள் உள்ள எந்தக் குடும்பமும் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. வண்டியோடு உதவ முன்வரும் இளைஞர்களும் தேவை. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வெள்ளிக்கிழமை வானம் தெளிவாக இருந்தால், அஸர் தொழுதுவிட்டு உம்மாவையும் வாப்பாவையும் வாசலுக்கு அழைத்து வந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்