தூரநோக்கிக்குப் பின்னால் ஒரு கண்

போர்ப் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ழான் ஜாக் அனோ இயக்கி 2001-ல் வந்த ‘எனிமி அட் த கேட்ஸ்’. நாகர்கோவிலில் நர்சிங் டிப்ளமோ படித்தபோது ஹாஸ்டலில் வாடகை சிடியில் பார்த்தோம். ஜெர்மன் மேஜர் சுடப்பட்டதும் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கதை நடப்பது ஸ்டாலின்கிராடில், 1942-ல். குண்டுவீச்சில் நொறுங்கிய கட்டடங்கள் மறைந்திருந்து சுடுகிறவர்களுக்கு வசதியாகிவிட்டன. சோவியத் பக்கம் வஸீலி சைத்சேவ். இவர் உண்மையான மனிதர். படத்தில் ஆடு மேய்த்த பையன். நிஜத்தில், அதற்கு முன் பசிபிக் கடற்படையில் கணக்கு எழுதியவர். நவம்பர் 10 முதல் டிசம்பர் 17 வரை 225 பேரைச் சுட்டதாக அவர் பெயரில் கணக்கு இருக்கிறது. எதிரியாக வரும் மேஜர் கோனிக் விஷயம் வேறு. அப்படி ஒருவர் இருந்ததற்கு ஜெர்மன் ஆவணங்களில் சான்றில்லை என்று ஆன்டனி பீவர் போன்ற வரலாற்றாசிரியர்கள் அந்த மோதலையே சந்தேகிக்கிறார்கள்.

சைத்சேவின் நினைவுக்குறிப்பில் முடிவு இப்படி வருகிறது. கூட்டாளி ஒரு ஹெல்மெட்டை மெல்ல உயர்த்துகிறார். ஜெர்மானியர் சுடுகிறார். குண்டு பட்டதுபோல் கூட்டாளி அலற, பார்க்கத் தலை தூக்கியவர் சாகிறார். படத்தில் அந்த ஹெல்மெட்டின் இடத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். தோழன் டானிலோவ் தானே எழுந்து குண்டை வாங்கிக்கொள்கிறான். சிநேகிதனுக்காக ஜீவனைக் கொடுப்பது என்று சர்ச்சில் கேட்டு வளர்ந்த எனக்கு அன்று தொண்டை அடைத்தது. இப்போது பார்த்தால், காதலில் தோற்றவனைக் கதையிலிருந்து அனுப்ப அது சுலபமான வழி என்றும் படுகிறது.

படம் விட்டுவிட்டதுதான் எனக்கு முக்கியம். 1943 ஜனவரியில் வெடிப்பில் சைத்சேவின் கண்கள் காயப்பட்டுப் பார்வை போனது. இறந்தவர்களின் கருவிழியை எடுத்துப் பொருத்தும் சிகிச்சையில் முன்னோடியான விளாதிமிர் ஃபிலாதவ் அவருக்கு வைத்தியம் பார்த்தார். பார்வை திரும்பியது. கண்ணே ஆயுதமான ஒருவன் கட்டுப்போட்டுக் கிடந்த நாட்களைப் பற்றி ஒரு காட்சிகூட இல்லை.

நான் சில வருடம் கண் வார்டில் இருந்தேன். வெல்டிங் விபத்தில் இரண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்த ஒருவர், என் செருப்புச் சத்தம் கேட்டாலே, “சிஸ்டர், லைட் போட்டிருக்கா?” என்பார். அப்போது பகல் பதினோரு மணியாக இருக்கும்.