சொந்த மனையானாலும் கவுன்சிலின் அனுமதி

இங்கிலாந்தில் மனை சொந்தமாக இருப்பதாலேயே அதில் விரும்பியதைக் கட்டிவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் அந்த உரிமையை அரசின் கைக்கு மாற்றியது. சட்டம் 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் புதுக் கட்டடம் எழுப்பவும், வீட்டைக் கடையாக மாற்றுவது போன்ற மாற்றங்களுக்கும் உள்ளூர் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும்.

சிறு வேலைகளுக்குச் சட்டமே பொது அனுமதி தந்திருக்கிறது. தனி வீட்டின் பின்புறம் ஒரு மாடி அளவில் 4 மீட்டர் வரையும், பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடானால் 3 மீட்டர் வரையும் விண்ணப்பிக்காமலே நீட்டிக் கட்டலாம். உயரம் முதலியவற்றுக்கு வரம்புகள் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இச்சலுகை கிடையாது. பாரம்பரியப் பகுதிகளில் விதிகள் மேலும் இறுகும். சந்தேகம் இருந்தால், அனுமதி தேவையில்லை என்று கவுன்சிலிடமே சான்றிதழ் வாங்கிவிடுவது நல்லது. பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கக்கூடிய தாள் அது.

விண்ணப்பத்தை இணையவழியே அனுப்பலாம். அதனுடன் 1:1250 போன்ற அளவுகோலில் இட வரைபடம் வேண்டும். மனையின் எல்லையைச் சிவப்புக் கோட்டால் காட்ட வேண்டும். இப்போதைய தோற்றம், கட்டி முடித்தபின் தோற்றம் இரண்டின் வரைபடங்கள், உரிமைச் சான்று, கட்டணம் ஆகியவையும் சேர வேண்டும். நிலம் விண்ணப்பதாரருடையதாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமையாளருக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும்.

அடுத்து அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் போகும், அல்லது இடத்தருகே அறிவிப்பு ஒட்டப்படும். கருத்துச் சொல்ல பொதுவாக 21 நாள். பலர் இங்கேதான் தவறாகக் கணக்கிடுகிறார்கள். எதிர்ப்புக் கடிதங்களின் எண்ணிக்கை முடிவைத் தீர்மானிப்பதில்லை. அவற்றில் உள்ள காரணமே எடைபோடப்படும். அடுத்த வீட்டின் வெளிச்சம் மறைவது, ஜன்னல் வழியே அந்தரங்கம் கெடுவது, போக்குவரத்து, வாகன நிறுத்தம், இரைச்சல் ஆகியவை செல்லும். தன் வீட்டின் விலை குறையும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பவை செல்லா. கவுன்சில் தன் பகுதிக்கென வகுத்த வளர்ச்சித் திட்டத்தை ஒட்டியே முடிவெடுக்க வேண்டும்; அதை மீற வலுவான காரணம் தேவை. எனவே விண்ணப்பதாரர் வரைபடம் போடுமுன் அந்தத் திட்டத்தைப் படிப்பது செலவைக் குறைக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே ஆலோசனை தரும் கவுன்சில்களும் பல.

பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரிகளே தீர்க்கிறார்கள். சர்ச்சைக்குரியவை உறுப்பினர் குழுவுக்குப் போகும். சிறிய திட்டங்களுக்கு 8 வாரம், பெரியவற்றுக்கு 13 வாரம் கெடு. அனுமதி நிபந்தனைகளோடு வரலாம். வழக்கமாக 3 ஆண்டுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வீட்டு விண்ணப்பமானால் 12 வாரத்துக்குள் திட்டமிடல் ஆய்வு அலுவலகத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டட உறுதிக்கான ஒப்புதல் தனி. அதையும் பெற்றாக வேண்டும்.

அனுமதியின்றிக் கட்டினால் இடிக்கச் சொல்லும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. சரே பகுதி விவசாயி ஒருவர் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன் மறைவில் கோட்டை போன்ற வீட்டைக் கட்டிக் குடியிருந்தார். 2006இல் திரையை விலக்கினார். குறித்த காலம் கடந்துவிட்டதால் கவுன்சில் இனி நடவடிக்கை எடுக்க முடியாது என்பது அவர் கணக்கு. ஆனால் மறைத்து வைத்த காலத்தை உயர் நீதிமன்றம் கணக்கில் எடுக்கவில்லை. 2016இல் வீடு இடிக்கப்பட்டது.