காலேஜ் முதல் மாதம்: கேட்க வெட்கப்படாதே, சொல்லப் பயப்படாதே!

ராகிங், படிக்கட்டு பயணம், 'ரூட்டு தல', கமிஷன் பணம்... புது மாணவர்களைச் சுற்றி நிற்கும் ஆபத்துகள்

சிங்கப்பெருமாள் கோவில்-

கல்லூரிகள் திறந்துவிட்டால் போதும். காலை வேளையில் சிங்கப்பெருமாள் கோவில் ரெயில் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

ஆப்பூர், திருக்கச்சூர், அஞ்சூர், தென்மேல்பாக்கம், கொண்டமங்கலம் என்று சுற்று வட்டார கிராமங்களில் இருந்து மாணவ-மாணவிகள் வந்து குவிகிறார்கள். ஷேர் ஆட்டோவில் சிலர், பஸ்சில் சிலர், அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் சிலர். பாடலாத்ரி நரசிம்மர் கோவில் இருக்கும் திசையைப் பார்த்து அவசரமாக ஒரு கும்பிடு. அப்புறம் பிளாட்பாரத்துக்கு ஓட்டம்தான்!

வடக்கே போனால் காட்டாங்கொளத்தூர், பொத்தேரி, வண்டலூர், தாம்பரம். தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி. தண்டவாளத்தை ஒட்டியே கல்லூரிகள்தான்.

இந்தக் கூட்டத்தில் முதல் ஆண்டு மாணவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. புதுப் பை, புதுச் செருப்பு, கழுத்தில் பளபளக்கும் அடையாள அட்டை. முகத்தில் மட்டும் ஒரு கலக்கம்.

இவர்களில் பலர், குடும்பத்திலேயே முதல் முறையாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. வெளியே கேட்க வெட்கம். ஏதாவது நடந்துவிட்டால் வீட்டில் சொல்லப் பயம். "சொன்னா படிப்பையே நிறுத்திடுவாங்க" என்ற பயம்!

இந்த வெட்கமும் பயமும்தான் புது மாணவனின் முதல் எதிரிகள். மற்ற ஆபத்துகள் எல்லாம் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன.

சீசன் டிக்கெட் எடுத்தாச்சா?

கேள்வி கேட்காததால் முதல் நஷ்டம் பணத்தில் வருகிறது.

மாணவர்களுக்கு ரெயில் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம் என்பதே ரெயில்வேயின் சலுகைப் பட்டியலில் இருக்கிறது. இதற்குக் கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவம் வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் பெற்று, கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும்.

ஆனால் அலுவலக ஜன்னலுக்குப் போய், "சார், அந்த பாரம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கத் தயங்கி, முழுக் கட்டணம் கொடுப்பவர்கள் உண்டு. டிக்கெட்டே எடுக்காமல் ஏறி, பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களும் உண்டு.

சான்றிதழ் விஷயமும் இப்படித்தான். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இடத்தை விட்டு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் விதி வகுத்திருக்கிறது. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு அல்ல. அது உரிமை!

படிக்கட்டில் 'ஹீரோ'

அடுத்த ஆபத்து, ரெயில் பெட்டி வாசலில் நிற்கிறது.

கடற்கரையில் இருந்து வரும் மின்சார ரெயில்களில் பல, தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை வருபவை அதைவிடக் குறைவு. ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் வந்த வண்டியில் தொற்றிக்கொண்டாவது போய்விடப் பார்க்கிறார்கள்.

உள்ளே இடம் இருந்தாலும் சிலர் வருவதில்லை. வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கி, பிளாட்பாரத்தில் செருப்பைத் தேய்த்துக்கொண்டே போவதில் ஒரு பெருமை. "உள்ள வாடா, பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுப்பாங்களோ?" என்று புதுப் பையனும் வெளியே தொங்குகிறான்.

2018 ஜூலை 24-ந்தேதி காலை நடந்ததை இந்தப் பக்கத்து ரெயில் பயணிகள் மறக்க மாட்டார்கள். கோடம்பாக்கம்-மாம்பலம் இடையே மின்கம்பி அறுந்ததால் ரெயில்கள் வேகப் பாதையில் திருப்பிவிடப்பட்டன. கூட்டம் நெரிந்தது. திருமால்பூர் நோக்கிப் போன மின்சார ரெயிலில் பலர் படியில் தொங்கினர். பரங்கிமலை ரெயில் நிலையத்தில் பாதையை ஒட்டி இருந்த கான்கிரீட் சுவரில் அவர்கள் மோதினர். குறைந்தது 4 பேர் பலியானார்கள். பலர் காயம் அடைந்தனர். அந்த ரெயில், சிங்கப்பெருமாள் கோவில் வழியாகச் செல்ல வேண்டிய ரெயில்!

1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 156-வது பிரிவின்படி, படியில் தொங்கினால் 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கும். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால் 147-வது பிரிவு. அதில் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம்.

தானாகக் கதவு மூடும் ஏ.சி. மின்சார ரெயில் 2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியது. ஆனால் அதன் கட்டணம் சாதாரண மாணவனின் பாக்கெட்டுக்கு அதிகம். அவனுக்குக் கதவு மூடாத வண்டிதான். ஆகவே, பத்து நிமிடம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் அவன் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு.

ரெயிலில் தொந்தரவு என்றால் 139 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

"அண்ணனுக்கு சல்யூட் அடி!"

கல்லூரி வாசலைத் தாண்டியதும் வருவது ராகிங்.

"சும்மா அறிமுகம்தான்", "ஜாலிக்குத்தான்" என்று ஆரம்பிக்கும். பேரைச் சொல்லு, பாட்டுப் பாடு, சல்யூட் அடி என்று போகும். பிறகு டீ வாங்கி வா, ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடு, ஹாஸ்டல் அறைக்கு வா என்று முற்றும். எங்கே விளையாட்டு முடிகிறது, எங்கே கொடுமை தொடங்குகிறது என்று புது மாணவனுக்குத் தெரியாது.

அது எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு 1996-ல் பார்த்துவிட்டது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டு படித்தவர் மாணவர் நாவரசு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். 1996 நவம்பர் 6-ந்தேதி அவர் காணாமல் போனார். ராகிங் கொடுமையில் அவர் கொலை செய்யப்பட்டு, உடல் துண்டாக்கப்பட்டது தெரியவந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது.

மூத்த மாணவர் ஒருவர் கைதானார். 1998-ல் கடலூர் கோர்ட்டு அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் சென்னை ஐகோர்ட்டு விடுதலை செய்தது. அரசு அப்பீல் செய்தது. 2011 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. தீர்ப்பு முடிய ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆயின!

துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி. கேட்க நாதி இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதன் பலனாக 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்ற மாணவன் கல்லூரியை விட்டு நீக்கப்படுவான். வேறு கல்லூரியிலும் சேர முடியாது.

பிறகு சுப்ரீம் கோர்ட்டு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர், சி.பி.ஐ. முன்னாள் இயக்குனர் ஆர்.கே.ராகவன். தமிழ்நாடு போலீசில் பணியாற்றிய அதிகாரி. அந்தக் குழு 2007-ல் அறிக்கை கொடுத்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் ராகிங் அடி உதையில் இறந்தார். அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு கடும் விதிகளைக் கொண்டு வந்தது. கிரிமினல் குற்றம் என்று தெரிந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

கல்லூரியில் சேரும்போது மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள் எத்தனை பேர்?

24 மணி நேர ராகிங் புகார் எண்: 1800-180-5522. கட்டணம் கிடையாது.

தேதி, நேரம், இடம், ஆட்களின் அடையாளம் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். செல்போனில் வந்த மிரட்டலை அழித்துவிடக் கூடாது. அது சாட்சி!

'ரூட்டு தல' கூப்பிடுகிறார்

ராகிங்கில் அடிக்கிற கை. இதில் அணைக்கிற கை. அதுதான் வித்தியாசம்.

"நீ நம்ம ரூட்டுப் பையன். எவனும் உன்மேல கை வைக்க மாட்டான்" என்று ஒரு அண்ணன் தோளில் கை போடுவார். சென்னைக் கல்லூரிகளுக்கு ரெயிலிலும் பஸ்சிலும் போகும் மாணவர்களிடையே 'ரூட்டு தல' பழக்கம் ஆண்டுக்கணக்கில் இருந்து வருகிறது. முதலில் பெட்டியில் தாளம், பாட்டு. பிறகு வேறு ரூட்டு, வேறு கல்லூரி என்று சண்டை. கடைசியில் கத்தி.

2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில், பஸ்சில் மாணவர்கள் பட்டாக்கத்தியுடன் மோதிக்கொண்டதை ஊரே டி.வி.யில் பார்த்தது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் பகுதியில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார். மகனைக் காலேஜுக்கு அனுப்பிய வீட்டுக்குப் பிணம் வந்தது.

அடித்தவன் கதி மட்டும் என்ன? எப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால், நாளைக்கு அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அந்தக் காகிதம் எழுந்து நிற்கும். அன்றைக்குத் தோளில் கை போட்ட அண்ணன் கூட வர மாட்டார்.

முதல் நாளே, "அண்ணே, நான் வேற பெட்டியில வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவது நல்லது. பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

கமிஷன் பணம், கம்பி வலை

புது மோசடி ஒன்று மாணவர்களைக் குறிவைக்கிறது.

"உன் பேங்க் அக்கவுண்டுக்கு கொஞ்சம் பணம் வரும். எடுத்துக் கொடு, உனக்குக் கமிஷன்" என்று ஒருவர் சொல்வார். டீ செலவுக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் கஷ்டப்படும் பையனுக்கு அது பெரிய தொகை. ஏ.டி.எம். கார்டையும் சிம் கார்டையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறான்.

வருவது, எங்கோ ஒரு பெரியவரை ஏமாற்றிப் பறித்த பணம். போலீசார் பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்தால், முதலில் கிடைப்பது அக்கவுண்ட் வைத்திருப்பவனின் பெயரும் முகவரியும்தான்! சூத்திரதாரி எங்கோ இருப்பான். கம்பி எண்ணுவது மாணவன்.

உடனடிக் கடன் தரும் செல்போன் செயலிகளும் அப்படித்தான். வாங்குவது சில ஆயிரம். பிறகு படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டல். மாட்டிக்கொண்டால் ஒளிக்கக் கூடாது. சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது.

கடைசி பெஞ்சும் 75 சதவீதமும்

பிளஸ்-2 வரை தமிழில் படித்தவன் வகுப்பில் உட்கார்ந்தால் பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் வாரம் புரியாது. கேட்டால் சிரிப்பார்களோ என்று கடைசி பெஞ்சுக்குப் போவான். பிறகு வகுப்புக்கே போக மாட்டான். அரியர் இப்படித்தான் தொடங்குகிறது.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவீத வருகைப் பதிவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். இன்டர்னல் மதிப்பெண்ணும் முதல் மாதத்தில் இருந்தே சேரத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் மாதிரி யாரும் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல மாட்டார்கள்.

புரியாத வார்த்தைகளைத் தினமும் பத்து எழுதி, அன்றைக்கே அர்த்தம் பார்த்துவிட்டால் மூன்று மாதத்தில் பாதிப் பயம் போய்விடும். வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். கேட்டவன் அன்றைக்கு ஒரு நிமிடம் வெட்கப்படுவான். கேட்காதவன் பரீட்சை அறையில் 3 மணி நேரம் வெட்கப்படுவான்.

மனசு தாங்காமல், தூக்கம் இல்லாமல் தவிப்பவர்கள் 14416 என்ற மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம். பைத்தியம் என்று யாரும் முத்திரை குத்த மாட்டார்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கவனத்துக்கு...

பிள்ளை திடீரென்று வயிற்று வலி என்று கல்லூரிக்குப் போக மறுத்தால், அதிகப் பணம் கேட்டால், அல்லது காரணம் இல்லாமல் கையில் பணம் புழங்கினால், சட்டையில் கிழிசலோ உடம்பில் காயமோ தெரிந்தால் சும்மா இருக்கக் கூடாது.

"எல்லாரும்தான் படிக்கிறான், உனக்கு மட்டும் என்னடா?" என்று முதல் வார்த்தையிலேயே வாயை அடைத்துவிட்டால், அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். "படிப்பை நிறுத்திடு" என்று மகளை மிரட்டினால், தொந்தரவு செய்பவன் பெயர் கடைசி வரை வெளியே வராது. தப்பு செய்தவனுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

சாயங்காலம் பிள்ளை வீடு திரும்பியதும் ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்து, "இன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டால் போதும். கோர்ட்டும் சட்டமும் வருவதற்கு முன்னால் வர வேண்டிய விசாரணை அதுதான்.