கன்று ஈன்ற பசுவின் முதல் 85 நாட்கள்

"பால் நன்றாகக் கறக்கிறது; ஆனால் சினை பிடிக்கவில்லை" என்று கறவை மாட்டுக் கடன் பெற்றோர் வருந்துவதுண்டு. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு.

கன்று ஈன்ற 4 முதல் 8 வாரங்களுக்குள் பால் உச்சத்தை எட்டுகிறது. பசு உண்ணும் அளவோ அதன் பின்னரே உச்சம் அடைகிறது. இடைப்பட்ட காலத்தில் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பால் சுரக்கிறது. கொழுப்பு மிகுதியாகக் கரைந்தால் கல்லீரல் தளர்கிறது. கருமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்களும் குறைகின்றன. ஆதலால் சினைப்பருவம் தாமதமாகிறது. அல்லது அறிகுறியின்றி ஊமைப் பருவமாகக் கழிகிறது.

ஒரு பருவம் தவறினால் 21 நாட்கள் வீண். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஆகவே ஆண்டுக்கொரு கன்று பெற, ஈன்ற 85 நாட்களுக்குள் பசு மீண்டும் சினையாக வேண்டும். தவறினால் பாலற்ற நாட்கள் நீளும். தீவனச் செலவும் கடன் தவணையும் காத்திருப்பதில்லை.

தீர்வு ஈனுமுன்பே தொடங்குகிறது. சினைமாடு மெலியவும் கூடாது, கொழுக்கவும் கூடாது. கொழுத்த மாடு ஈன்றபின் குறைவாகவே உண்ணும். ஈனுவதற்கு 3 வாரங்களுக்கு முன்பிருந்தே அடர் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குக. திடீரெனக் கூட்டினால் வயிற்றில் அமிலம் மிகும். ஈன்றபின் தரமான பசுந்தீவனம், தாது உப்புக் கலவை, தூய நீர் ஆகியவற்றைத் தடையின்றி அளிக்கவும். காலையும் மாலையும் பருவ அறிகுறிகளைக் கவனிக்கவும். 60 நாட்களாகியும் பருவம் தென்படாவிடில் கால்நடை மருத்துவரை அணுகுக.